நட்ட கன்று எவ்வளவு காபன் சேர்க்கும்? நாமே கணக்குப் பார்ப்போம்

“ஒரு கன்று ஆண்டுக்கு இருபது கிலோ காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்ளும். ஆயிரம் கன்று நட்டால் ஆண்டுக்கு இருபது தொன்.” மரநடுகை பற்றிய துண்டுப்பிரசுரங்களில் இத்தகைய கணக்கை நம்மில் பலர் பார்த்திருப்போம். கேட்பதற்கு இலகுவாக இருக்கிறது. வாய்ப்பாடு தெரிந்த பிள்ளையும் பெருக்கிச் சொல்லிவிடும். ஆனால் இது ஒரு நல்ல மரத்தின் நல்ல காலத்து வளர்ச்சியை எடுத்து, எல்லாக் கன்றுக்கும் எல்லா ஆண்டுக்கும் பொருத்திப் போட்ட கணக்கு. ஊவாவின் மானாப்புல் சரிவில் நடப்பது வேறு.

இந்த வேறுபாடு நமக்கு ஏன் முக்கியம்? 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தில் மேலும் பல குடும்பங்களை வீடும் தோட்டமும் இழக்கச் செய்தது. மக்கள் விட்டுவந்த சரிவுகளிலும், தேயிலை கைவிடப்பட்ட மேடுகளிலும் மரம் நடவேண்டும் என்ற பேச்சு இப்படியான ஒவ்வொரு அழிவுக்குப் பின்னரும் எழுகிறது. அந்த மரங்கள் சேர்க்கும் காபனுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வரும் என்ற பேச்சும் கூடவே வருகிறது. குழி வெட்டுவதும் கன்று சுமப்பதும் காவல் காப்பதும் நாமாக இருக்கப்போகிறோம். கணக்கு மட்டும் வேறொருவர் கையில் இருந்தால், பின்னர் “நீங்கள் சொன்ன அளவு சேரவில்லை” என்ற பேச்சையும் நாமே கேட்கவேண்டி வரும். கோபுரம் கட்ட நினைத்தவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்று ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். அதுபோல நாமும் இன்று உட்கார்ந்து பார்ப்போம். தேவையானவை ஒரு தையல் நாடா, ஒரு நேரான கம்பு, கொஞ்சம் கயிறு, ஒரு அப்பியாசக் கொப்பி.

மரத்தில் காபன் எங்கே இருக்கிறது?

இலை காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எடுக்கிறது. வேர் தண்ணீரை எடுக்கிறது. சூரிய ஒளியின் உதவியால் இவ்விரண்டும் சேர்ந்து மாப்பொருளாகி, பின்னர் மரத்தின் உடலாகின்றன. நன்றாகக் காய்ந்த விறகு 100 கிலோ இருந்தால் அதில் ஏறக்குறைய 47 கிலோ காபன். மர வகைக்கேற்ப இது சிறிது கூடும், குறையும். கணக்குக்கு 47 போதும். பச்சை மரத்தை நிறுத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. அதில் பாதி தண்ணீராகவே இருக்கலாம்.

இன்னொரு சொற்குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். காபன் வேறு, காபனீரொட்சைட்டு வேறு. காபன் அணுவின் நிறை 12. அதனோடு இரண்டு ஒட்சிசன் அணுக்கள் சேரும்போது இன்னும் 32 கூடி, 44 ஆகிறது. ஆகவே மரத்தில் ஒரு கிலோ காபன் இருந்தால் காற்றிலிருந்து 3.67 கிலோ காபனீரொட்சைட்டு எடுக்கப்பட்டிருக்கிறது. காபன் சந்தையில் விற்கப்படும் ஓர் “அலகு” என்பது ஒரு தொன் காபனீரொட்சைட்டு, அதாவது 1000 கிலோ. ஒருவர் “இத்தனை தொன்” என்று சொன்னால், எதில் இத்தனை தொன் என்று முதலில் கேளுங்கள். பச்சை மரமா, காய்ந்த மரமா, காபனா, காபனீரொட்சைட்டா என்பதைப் பொறுத்து அதே தோப்பின் எண் பல மடங்கு மாறும்.

ஒரு மரத்தை அளப்பது

தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது வளர்ந்த ஒருவரின் நெஞ்சு மட்டத்தில், மரத்தின் சுற்றளவை நாடாவால் எடுக்க வேண்டும். பெரும்பாலான நாடுகளில் வனத்துறையினர் அளக்கும் உயரம் இதுதான். சரிவில் நிற்கும் மரமாயின் மேட்டுப்பக்கத்திலிருந்து 1.3 மீற்றரை அளந்துகொள்ளுங்கள். பள்ளத்துப் பக்கத்தில் நின்று அளந்தால் அடிமரத்தின் பருமன் வந்து சேர்ந்து எண் பெரிதாகிவிடும். நாடாவை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். பாசி, கொடி, உரியும் பட்டை ஆகியவற்றை நீக்கிவிட்டு அளக்க வேண்டும்.

உயரத்திற்கு மரமேற வேண்டியதில்லை. உங்கள் கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து கைப்பிடி வரை எவ்வளவு தூரமோ அதே நீளத்திற்கு ஒரு கம்பை வெட்டிக்கொள்ளுங்கள். நீட்டிய கையில் கம்பைச் செங்குத்தாகப் பிடித்து, கம்பின் அடி மரத்தின் அடியோடும் கம்பின் நுனி மரத்தின் நுனியோடும் பொருந்தும்வரை பின்னோக்கி நடந்து செல்லுங்கள். பொருந்திய இடத்திலிருந்து மரம் வரையுள்ள தூரமே மரத்தின் உயரம். ஆனால் நமது நாட்டில் சமதரை எங்கே கிடைக்கிறது? மலைக்குக் குறுக்காக, மரம் நிற்கும் அதே மட்டத்தில் நடந்து செல்ல வேண்டும். மேலே ஏறியோ கீழே இறங்கியோ பார்த்தால் உயரம் பிழைக்கும்.

இனிக் கணக்கு. சுற்றளவையும் உயரத்தையும் மீற்றரில் எழுதுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கி, 25ஆல் வகுத்தால் அடிமரத்தின் கனஅளவு கனமீற்றரில் கிடைக்கும். (மரம் மேலே போகப் போக ஒடுங்குவதால், அதே சுற்றளவுள்ள முழு உருளையில் பாதியளவு என்று எடுத்துத்தான் இந்த 25 வந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர் இதைவிட நுட்பமான சமன்பாடுகளைப் பயன்படுத்துவர். நம் தேவைக்கு இது போதும்.)

சுற்றளவு 60 சென்ரிமீற்றர், உயரம் 15 மீற்றர் உள்ள ஒரு கிரண்டிஸ் மரத்தை எடுப்போம். 0.6ஐ 0.6ஆல் பெருக்கினால் 0.36. அதை 15ஆல் பெருக்கினால் 5.4. அதை 25ஆல் வகுத்தால் 0.216 கனமீற்றர். கிரண்டிஸ் ஒரு கனமீற்றர் காய்ந்தால் ஏறக்குறைய 500 கிலோ இருக்கும். எனவே அடிமரம் 108 கிலோ. கிளைக்கும் இலைக்குமாகப் பத்தில் மூன்று பங்கைக் கூட்டினால் 140 கிலோ. மண்ணுக்குள் இருக்கும் வேருக்காக இதில் நாலில் ஒரு பங்கைக் கூட்டினால் 175 கிலோ. அதில் நூற்றுக்கு 47 காபன், அதாவது 82 கிலோ. அதை 3.67ஆல் பெருக்கினால் 300 கிலோ காபனீரொட்சைட்டு.

மரத்தின் அடர்த்தி இனத்துக்கு இனம் மாறும். அல்பீசியாவும் முள்முருக்கும் வேகமாகப் பருத்தாலும் இலேசான மரங்கள். கனமீற்றருக்கு 300 கிலோ அளவே எடுக்க வேண்டும். தோட்டத்துச் சவுக்கு, பைனஸ், கிரண்டிஸ் ஆகியவற்றுக்கு 500 என்று வைத்துக்கொள்ளலாம். தேக்குக்கு 600. நாக மரம் இவை எல்லாவற்றையும்விடக் கனத்தது, ஆனால் மிக மெதுவாக வளரும். உங்களிடமுள்ள மரத்திற்கு எண் தெரியாவிட்டால் ஒரு துண்டு மரத்தைத் தண்ணீர் நிறைந்த பாத்திரத்தில் முழுதாக அமிழ்த்தி, வழியும் நீரை அளந்து கனஅளவைக் காணலாம். பின்பு அதே துண்டை அடுப்புக்கு மேலே பரணில் வைத்து, நிறை இனிக் குறையாது என்றாகும்வரை காயவைத்து நிறுக்கலாம். ஒரு லீற்றர் நீரை வழியச் செய்த துண்டு காய்ந்தபின் அரைக்கிலோ இருந்தால், அது கனமீற்றருக்கு 500 கிலோ.

ஒரு மரத்திலிருந்து ஒரு தோப்புக்கு

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. தோப்புக்குள் நுழைந்தவுடன் கண் நல்ல மரத்தைத் தேடிப் போகும். பாதையோரத்தில் வெளிச்சம் கிடைத்துக் கொழுத்து நிற்கும் மரத்தை அளந்து, அதை நட்ட கன்றுகளின் தொகையால் பெருக்கிவிடுவோம். வேண்டுமென்று செய்கிற பொய்யல்ல இது. ஆனாலும் முடிவு பொய்யாகிவிடும்.

சரியான வழி, வட்டம் போட்டு அளப்பது. ஓர் இடத்தில் முளை அடித்து, 5 மீற்றர் 64 சென்ரிமீற்றர் கயிற்றால் சுற்றிவந்தால் அந்த வட்டத்தின் பரப்பு 100 சதுர மீற்றர். ஓர் ஏக்கரில் இத்தகைய வட்டங்கள் நாற்பது அடங்கும். வட்டத்துக்குள் உயிரோடு நிற்கும் ஒவ்வொரு மரத்தையும், நோஞ்சானையும் விடாமல் அளக்க வேண்டும். வட்டத்தின் இடத்தைக் கண்ணால் தெரிவு செய்யக் கூடாது. தோப்பின் ஒரு மூலையிலிருந்து புறப்பட்டு, நாற்பது அடிவைப்புக்கு ஒரு வட்டம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, கால் எங்கே நிற்கிறதோ அங்கே முளையை அடியுங்கள். அது பாறையாக இருந்தாலும் வெற்றிடமாக இருந்தாலும் அதுவே வட்டம். வெற்றிடமும் தோப்பின் ஒரு பகுதிதானே.

கயிற்றைச் சரிவின்மேல் படியவிடாமல் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. நில அளவைப் படத்தில் உள்ள ஏக்கர் மேலிருந்து பார்த்த ஏக்கர். முப்பது பாகைச் சரிவில் தரையோடு தரையாக அளந்த 10 மீற்றர், படத்தில் 8.66 மீற்றர்தான். தோப்பின் பரப்பைக் காலால் சரிவோடு அளந்துவிட்டு வட்டத்தைக் கிடைமட்டமாகப் போட்டால், இல்லாத நிலத்துக்கும் மரம் எண்ணியவர்களாவோம். இரண்டையும் கிடைமட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு வட்டத்தைக் கற்பனை செய்வோம். மூன்று மீற்றருக்கு ஒரு கன்று என்று நட்டால் 100 சதுர மீற்றரில் 11 கன்று. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்பு 8 நிற்கின்றன. அவற்றின் சுற்றளவு 60, 55, 50, 45, 45, 40, 30, 25 சென்ரிமீற்றர். உயரம் முறையே 15, 14, 13, 12, 12, 11, 9, 8 மீற்றர். ஒவ்வொன்றையும் மேலே சொன்னபடி தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் அடிமரம் மொத்தம் 0.83 கனமீற்றர். காபனீரொட்சைட்டாகச் சொன்னால் ஏறக்குறைய 1170 கிலோ. நாற்பதால் பெருக்க, ஏக்கருக்கு 47 தொன்.

பெரிய மரத்தை மட்டும் பார்த்தவர் என்ன சொல்லியிருப்பார்? ஒரு மரத்துக்கு 300 கிலோ, பதினொரு மரம், நாற்பது வட்டம் என்று பெருக்கி 132 தொன் என்றிருப்பார். தோப்பு ஒன்றுதான். நிலம் ஒன்றுதான். சொல்லப்பட்டதில் உள்ளது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூட. துண்டுப்பிரசுரத்து இருபது கிலோவையும் சோதித்துப் பார்க்கலாம். ஏக்கருக்கு நட்ட கன்று 440. அதை 20ஆலும் 12 ஆண்டாலும் பெருக்கினால் 105.6 தொன் வருகிறது. நம்முடைய அளவின்படி நட்ட கன்று ஒன்றுக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 9 கிலோவுக்கும் குறைவு.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அந்த வட்டத்தின் காபனில் நாலில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மரத்தில் இருக்கிறது. தோப்பிலுள்ள பெரிய மரங்களை மட்டும் தெரிந்து வெட்டி, “சில மரங்கள்தானே” என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

47 தொன் என்பது பெரிதா சிறிதா என்று கேட்கலாம். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகிறது. பதுளையிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பும் ஒரு பஸ் லீற்றருக்கு மூன்றரைக் கிலோமீற்றர் ஓடுகிறது என்று வைத்தால், ஓர் ஏக்கர் தோப்பு பன்னிரண்டு ஆண்டில் சேர்த்தது அந்த பஸ்ஸின் ஏறக்குறைய 130 போக்குவரத்துக்குச் சமம். ஒரு பஸ் சில மாதங்களில் ஓடி முடிக்கும் தூரம் அது.

இன்னும் வளராத தோப்பை எப்படி அளப்பது?

நம்முடைய உண்மையான கேள்வி இதுதான். நேற்று நட்ட கன்றை நாடா கொண்டு அளக்க முடியாது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நாம் செய்யவேண்டிய ஒரே அளவை, எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவதுதான். அந்தக் காலத்தில் சேரும் காபன் மிக அற்பம்.

இருபது ஆண்டுகளுக்குப் பின் என்ன இருக்கும் என்பதை அறிய, இருபது ஆண்டுகளுக்கு முன் நட்ட தோப்பைப் போய்ப் பார்க்க வேண்டும். உங்கள் நிலத்தைப் போன்ற நிலத்தில், அதே உயரத்தில், அதே பக்கம் பார்த்த சரிவில், அதே இன மரம் நிற்கும் பழைய தோப்புகள் ஊவாவில் கிடைக்கும். தேயிலைத் தொழிற்சாலையின் விறகுக்காகத் தோட்டங்கள் நட்ட கிரண்டிஸ் தோப்புகள் இருக்கின்றன. வனத் திணைக்களம் பத்தனைப் புல்நிலங்களில் நட்ட பைனஸ் இருக்கிறது. 1982இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தொடங்கிய சமூக வனத் திட்டத்தில் பதுளை மாவட்டமும் சேர்ந்திருந்தது. அதற்குப் பின் 1993இல் தொடங்கிய பங்கேற்பு வனத் திட்டத்தில் விவசாயிகள் அரச காணியைக் குத்தகைக்குப் பெற்றுத் தோப்பு வளர்த்தார்கள். இவற்றின் வயதை அந்த ஊர்ப் பெரியவர்களிடமோ திணைக்கள அலுவலரிடமோ கேட்டு அறியலாம்.

ஐந்து வயதுத் தோப்பு ஒன்று, பன்னிரண்டு வயதுத் தோப்பு ஒன்று, இருபது வயதுத் தோப்பு ஒன்று என்று அளந்து, ஏக்கருக்கு முறையே 12, 47, 80 தொன் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கட்டக் கொப்பியில் மூன்று புள்ளியிட்டுக் கோடு இழுத்தால் வளர்ச்சியின் உருவம் தெரியும். முதல் ஐந்தாண்டில் ஆண்டுக்கு இரண்டரைத் தொன்னுக்கும் குறைவு. அடுத்த ஏழாண்டில் ஆண்டுக்கு ஐந்து. அதன்பின் நாலு. குழந்தை தவழ்ந்து, வாலிபத்தில் ஓடி, பின்பு நடை தளர்வது போல. எனவே “ஆண்டுக்கு இவ்வளவு” என்று எல்லா ஆண்டுக்கும் ஒரே தொகையைச் சொல்லும் ஒப்பந்தத்தில், முதல் ஐந்தாண்டில் சொன்னதற்கும் உள்ளதற்கும் இடையே பெரிய பள்ளம் விழும். குடும்பத்துக்குப் பணம் மிகத் தேவைப்படும் காலமும் அந்த முதல் ஐந்தாண்டுதான். ஊடுபயிரும் காவற்கூலியும் பற்றி அப்போதே பேசி முடிவுசெய்யாவிட்டால், பசியில் இருப்பவன் கன்றைக் காப்பாற்றுவான் என்று எதிர்பார்க்க முடியாது.

பழைய தோப்பைப் பார்க்கும்போது இன்னொரு பொறியும் உண்டு. இன்று நிற்கும் தோப்புகள் தப்பிப் பிழைத்தவை. எரிந்து போனதும், மாடு தின்றதும், வறட்சியில் கருகியதும் நம் கண்ணுக்குப் படுவதில்லை. ஆகவே அந்த ஊரில் அதே காலத்தில் எத்தனை தோப்பு நடப்பட்டது, எத்தனை எஞ்சியது என்றும் விசாரிக்க வேண்டும். ஐந்து நட்டு மூன்று எஞ்சியிருந்தால், 80 தொன்னை 48 என்று குறைத்து எழுதுவதே நேர்மை.

கழிக்க வேண்டியவை

ஊவாவில் கழிக்கவேண்டிய முதற் கணக்கு நெருப்பு. ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை குறைந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் எல்ல, ஹல்துமுல்ல, அப்புத்தளைப் பக்கங்களில் மலை எரிவதைப் பார்க்காத ஆண்டு அரிது. புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த தீ, வேட்டைக்கு வைத்த தீ, எறிந்த பீடித்துண்டு என்று காரணம் எதுவாயினும் பைனஸ் சருகு பிடித்துக்கொண்டால் நிற்காது. பத்தாண்டு சேர்த்தது ஒரு மாலைப்பொழுதில் காற்றுக்குத் திரும்பிவிடும். காபன் அலகுகளுக்குச் சான்று வழங்கும் வெரா, கோல்ட் ஸ்டாண்டர்ட் போன்ற உலக அமைப்புகள்கூட, இப்படியான இழப்புக்காக ஒரு பங்கு அலகை விற்கவிடாமல் ஒதுக்கி வைக்கின்றன. நாமும் ஐந்தில் ஒரு பங்கையாவது கழித்துவிட்டே மீதியை நம்முடையது என்று எண்ண வேண்டும். தீ தடுப்புப் பாதை வெட்டும் கூலியையும் செலவில் சேர்க்க வேண்டும்.

அடுத்தது, முன்பே இருந்தது. தரிசு என்று நாம் சொல்லும் நிலம் வெறுமையல்ல. பழைய தேயிலைச் செடி, கொய்யா, தானாக முளைத்த மரங்கள் எல்லாவற்றிலும் காபன் இருக்கிறது. அவற்றைப் பிடுங்கி எரித்துவிட்டுக் கன்று நட்டால் தொடக்கமே கடனில்தான். பத்தனைப் புல்லின் வேர்கள் கறுப்பாக்கிய மேல்மண்ணிலும் ஏராளமான காபன் உண்டு. புல்நிலத்தில் பைனஸ் நட்டபின் மண்ணின் காபன் குறைந்ததைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே நிலம் முழுவதையும் கொத்திப் புரட்டாமல், கன்றுக்கு வேண்டிய குழியை மட்டும் வெட்டுங்கள். சரிவில் மண் கழுவிப் போகாமலிருக்கவும் அதுவே வழி.

மூன்றாவது, வெட்டு. விறகுக்காகப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கவிடும் தோப்பில் உச்ச அளவை எழுதக் கூடாது. வெட்டிய மறுநாள் அங்கே நிற்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. வெட்டுக்கு முன்தினம் 47. நீண்டகாலச் சராசரியாக அதில் பாதியை, சொல்லப்போனால் பாதிக்கும் குறைவை எழுதுவதே சரி. விறகுக்கு வளர்ப்பது தவறு என்று இங்கே சொல்லவில்லை. அடுப்பும் தேயிலைத் தொழிற்சாலையும் எரியத்தான் வேண்டும், அதற்காக இயற்கைக் காட்டை வெட்டாமலிருப்பது நல்லதே. ஆனால் ஒரே மரத்தை விறகாகவும் விற்று, நிற்கும் காபனாகவும் விற்க முடியாது.

எந்த மரம்?

அளவு மட்டும் வேண்டுமென்றால் கிரண்டிஸை வெல்ல எதுவும் இல்லை. ஆனால் 1980களில் பைனஸ் நட்ட மலைகளின் அடிவாரத்து மக்கள் ஊற்று வற்றியதென்று இன்றும் சொல்கிறார்கள். வேகமாக வளரும் மரம் அதற்கேற்பத் தண்ணீரும் எடுக்கும். குடிநீர் ஊற்றுக்கு மேலே இவற்றை நடும் எந்தத் திட்டத்துக்கும் சம்மதிக்க வேண்டாம் என்பதே என் கருத்து, காபன் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வேறு வழியும் நம் பக்கத்திலேயே முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. பண்டாரவளைக்கு அருகே மிரஹவத்தையில் பெலிபொல என்ற இடத்தில், கலாநிதி ரணில் சேனாநாயக்க 1980களின் தொடக்கத்தில் தேய்ந்துபோன நிலத்தில் ஒரு காட்டை வளர்க்கத் தொடங்கினார். இயற்கைக் காட்டில் உயர்ந்த மரம், நடுத்தர மரம், செடி, கொடி என்று அடுக்குகள் இருப்பதைப் போலவே, மனிதருக்குப் பயன்தரும் மரங்களையும் சேர்த்து அடுக்கடுக்காக வளர்ப்பது அந்த முறை. ஒப்புமைக் காடு என்று அதைச் சொல்லலாம். அது பின்னர் வேறு பல நாடுகளுக்கும் பரவியது. இத்தகைய கலப்புக் காட்டை அளப்பது கடினம். ஒவ்வொரு மரத்துக்கும் அதனதன் அடர்த்தியை வைத்துத் தனித்தனியே கணக்கிட வேண்டும். முதற் பத்தாண்டின் எண்ணும் சிறிதாகவே இருக்கும். ஆனால் பலாவும் ஆனைக்கொய்யாவும் மிளகும் கோப்பியும் தரும் காட்டை யாரும் இலகுவில் எரியவிட மாட்டார்கள். மேலே சொன்ன நெருப்புக் கழிவை அந்தக் கணக்கில் குறைவாகவே போடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பலாவை நடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதியின்றி வெட்ட முடியாது. காபனைப் பொறுத்தவரை அதுவும் ஒரு காவல்தான்.

மண்சரிவு பற்றி ஒரு சொல். தேசிய கட்டிட ஆராய்ச்சி அமைப்பு ஆபத்தானதென்று குறித்த சரிவில் மரம் நட்டுவிட்டால் அங்கே திரும்பிப் போய்க் குடியிருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேர்கள் மேல்மண்ணைப் பிடித்துவைக்கும். பல மீற்றர் ஆழத்தில் நீர் ஊறி மலையே நகரும்போது மரங்களும் சேர்ந்தே வரும். மீரியாபெத்தை மக்களுக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு இடம் கொடுக்கப்படவில்லை. விட்டுவந்த சரிவில் மரம் நடுவது நல்லது, நட்டுவிட்டு இறங்கி வந்துவிட வேண்டும்.

யாருடைய காபன்?

தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டுவந்த 7 பேர்ச் காணி 177 சதுர மீற்றர். நாம் மேலே போட்ட வட்டம் இரண்டுகூட அதில் அடங்காது, அதிலும் வீடு நிற்க வேண்டும். ஆகவே நமது மக்கள் நடப்போவது பெரும்பாலும் பிறர் நிலத்தில்: அரச காணியில், அல்லது 1992 முதல் கம்பனிகள் நிர்வகிக்கும் தோட்டக் காணியில். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே காபனை விற்பார், நமக்கு நாட்கூலி என்ற நிலை வரலாம். கூலிக்கு நடுவதிலும் குற்றமில்லை. ஆனால் கூலிக்காரராக நிற்கிறோமா பங்காளியாக நிற்கிறோமா என்பது குழி வெட்டுமுன் தெரிய வேண்டும். பங்காளி என்றால் ஒப்பந்தம் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். எத்தனை ஆண்டுக்கு மரத்தைத் தொடக்கூடாது, தீப்பிடித்தால் நட்டம் யாருக்கு, விழுந்த கிளையையாவது விறகுக்கு எடுக்கலாமா, அளக்க வருபவருடன் நம்மில் ஒருவர் கூடப் போகலாமா, அளந்த எண்ணின் பிரதி நம் கையில் கிடைக்குமா என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைசி இரண்டையும் பலர் கேட்பதேயில்லை. நாடா பிடிக்கத் தெரிந்தவர் கேட்டால் மறுப்பது கடினம்.

குழுக்களுக்கான பயிற்சி

அடுத்த கூட்டத்துக்கு முன்பு, நாலைந்து பேராகச் சேர்ந்து, வயது தெரிந்த ஒரு தோப்புக்கு உரியவரின் அனுமதியோடு சென்று மூன்று வட்டங்கள் அளந்து வாருங்கள். இளைஞர் ஒருவர் நாடா பிடிக்க, ஒருவர் கம்பு பிடிக்க, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதட்டும். நட்ட குழிகளின் அடையாளம் தெரிந்தால் அவற்றையும் எண்ணுங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் இரு குழுக்கள் தனித்தனியே அளந்தால் இன்னும் நல்லது. இரண்டு எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்பதைக் கூட்டத்தில் பார்ப்போம். மர இனம், வயது, சரிவு பார்த்த திசை, கடைசியாக எரிந்த ஆண்டு ஆகியவற்றைக் கொப்பியின் மேற்பகுதியில் எழுதி வாருங்கள்.